டிகிரியா, அனுபவமா? கும்பகோணம் காலேஜ் சொல்லும் மூன்று கதைகள்

இந்த எபிசோடுக்குக் காரணம் நம்ம கேட்பவர் ஒருத்தர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ். இன்ஜினியரிங் தேர்ட் இயர் படிக்கிறார். ஆறு மாசமா ஒரு சின்ன ஸ்டார்ட்-அப்பில் இன்டர்ன். வேலை நல்லா செய்யறதால முழுநேரமா வந்துடுன்னு கூப்பிடறாங்க. காலேஜ்ல மூணு அரியர் பாக்கி. அவர் கேட்கிறது இதுதான்: "ப்ரோ, டிகிரியை விட்டுட்டுப் போயிடலாமா? நாலு வருஷப் படிப்பை விட நாலு வருஷ வேலைதானே பெருசு? ராமானுஜனே காலேஜ் டிராப்-அவுட்தானே?"

அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடிச்சு நிறுத்திச்சு. ராமானுஜன் காலேஜை விட்டு வெளியே வந்தவர்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் ஏழு வருஷம் அவருக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்றதில்லை. அதே கும்பகோணம் காலேஜில் அவருக்கு 24 வருஷம் முன்னாடி டிகிரியே இல்லாத ஒருவர் ஆசிரியரா உள்ளே போனார் என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்றதில்லை. இன்னைக்கு அந்தக் கதைகளைத்தான் பார்க்கப் போறோம்.

டிகிரி எப்போ வாசற்படி ஆச்சு?

1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவர் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். எட்டே எட்டு மாணவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தால் செலவு அதிகம். அதனால் இங்கேயே பையன்களைப் பிடித்து, கருவியைக் கையில் கொடுத்துப் பழக்கினார்கள். பட்டம் எதுவும் கிடையாது. அளக்கத் தெரிந்தால் வேலை. இன்று நாம் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் என்று சொல்கிறோமே, அதன் தொடக்கம் இந்த எட்டுப் பேர்தான். அதாவது நம்ம ஊர் இன்ஜினியரிங் படிப்பு, வேலை கற்றுக்கொள்ளும் இடமாகத்தான் பிறந்தது.

அடுத்து 1844. கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் ஒரு முடிவை அறிவித்தார். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை. படிப்புக்கும் சம்பளத்துக்கும் நேராக ஒரு கயிறு கட்டப்பட்டது அப்போதுதான். 

மூன்றாவது வருஷம் 1857. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தவை. ஆரம்பத்தில் அவை பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்துவது காலேஜ்களின் வேலை. பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும், மார்க் போடும், பட்டம் கொடுக்கும். கற்றுக்கொடுப்பது ஒரு இடம், சான்று கொடுப்பது வேறொரு இடம் என்ற பிரிவு முதல் நாளிலிருந்தே இருக்கு. "டிகிரி இருக்கு, ஆனா ஒண்ணும் தெரியலை"ன்னு இன்னைக்கு நாம புலம்பறதுக்கு 160 வருஷ வயசு.

முதல் கதை: முதல் பட்டதாரி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர். இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, இன்னொருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை.

சென்னையில் இத்தனை பேர் இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எப்படி முதலில் பாஸ் பண்ணினார்கள்? அதற்கான விடை வட்டுக்கோட்டையில் இருக்கு. அங்கே 1823-லேயே அமெரிக்க மிஷனரிகள் ஒரு செமினரி தொடங்கியிருந்தார்கள். கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் என்று உயர்கல்வி அளவில் பாடங்கள் நடந்த இடம். இருவரும் அங்கே படித்தவர்கள். தாமோதரம் பிள்ளை அதற்குப் பிறகு வாத்தியார் வேலையும் பார்த்தார். சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகையிலும் வேலை செய்தார். பல்கலைக்கழகம் வந்து முதல் தேர்வை நடத்தியபோது அவர் ஏற்கனவே படித்தவர், வேலை செய்தவர். பட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தப் பட்டம் என்ன செய்தது பாருங்க. அரசின் கணக்குத் துறையில் நல்ல பதவி. பிறகு பி.எல். முடித்து, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் வக்கீல். அதன்பின் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி. இந்தச் சம்பாத்தியமும் அந்தஸ்தும் இருந்ததால்தான் அவரால் ஏடு தேடி, ஆள் வைத்துப் படி எடுத்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-லும் கலித்தொகையை 1887-லும் அச்சுக்குக் கொண்டுவர முடிந்தது. 

தமிழ்ப் பதிப்பு வேலைக்கு பி.ஏ. பட்டத்தில் ஒரு பாடம்கூட உதவியிருக்காது. அந்த வேலையைச் செய்வதற்கான நேரத்தையும் பணத்தையும் தந்தது பி.ஏ.தான். படிச்சதுக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்றவங்க இந்த இரண்டாவது கணக்கை விட்டுடறாங்க.

இரண்டாவது கதை: டிகிரி இல்லாத வாத்தியார்

தாமோதரம் பிள்ளை கும்பகோணத்தில் வக்கீலாக இருந்த அதே காலத்தில், அதே ஊர் அரசுக் காலேஜில் ஒரு இளம் தமிழாசிரியர் இருந்தார். உ.வே. சாமிநாதையர். 1880-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. பி.ஏ. கிடையாது, எஃப்.ஏ. கிடையாது, மெட்ரிகுலேஷனும் கிடையாது.

இருந்தது என்ன? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அஞ்சு வருஷத்துக்கும் மேல் பாடம் கேட்ட அனுபவம். வெறும் பாடம் மட்டுமில்லை. பிள்ளையவர்கள் ஒரு நாளில் எத்தனையோ செய்யுள் சொல்லுவார், பக்கத்தில் உட்கார்ந்து ஏட்டில் எழுதுவது மாணவர் வேலை. குருவோடு ஊர் ஊராகப் போவது, மற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்வது, பழைய ஏடுகளைப் படித்துப் பழகுவது என்று எல்லாமே அதில் அடக்கம். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு பெரிய ஆளோட முழுநேர அப்ரென்டிஸ்.

அந்தக் காலேஜில் தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்தான். ஓய்வு பெறும்போது தன் இடத்துக்கு இவரைத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னார். காலேஜ்காரர்கள் சோதித்துப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். இதைத்தான் நாம இப்போ ரெஃபரல்னு சொல்றோம். உள்ளே இருக்கிற, எல்லாரும் மதிக்கிற ஒருவர், "இவனை எனக்குத் தெரியும்"னு தன் பெயரைப் பணயம் வைப்பது.

இன்னொன்றும் சொல்லணும். அந்த வேலைக்குப் போட்டி போட டிகிரிக்காரர்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை. தமிழ் இலக்கியத்தில் ஆழமான பயிற்சி தருகிற பட்டப்படிப்பு அன்றைக்கு இல்லை. ஒரு துறையில் டிகிரி இன்னும் உருவாகாத காலத்தில் அனுபவத்துக்கு மதிப்பு ஏறும். 1980-களில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவங்களைக் கேட்டுப் பாருங்க. பி.எஸ்சி. கணிதம், இயற்பியல், பி.காம். என்று எங்கெங்கிருந்தோ வந்திருப்பாங்க. அந்தத் துறைக்கான பட்டம் பரவலா வந்ததும் கதவு சுருங்கிடும்.

இப்போ இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வேலையில் சேர்ந்த அதே 1880-இல், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கப் போகிறார் சாமிநாதையர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமாக ஒரு பட்டியல் சொல்கிறார். முதலியார் அசரவில்லை. இதெல்லாம் சரி, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிற மாதிரி கேட்கிறார். இவர் படித்ததில்லை. தமிழில் அவ்வளவு பெரிய ஆளிடம் படித்தவர், காலேஜில் தமிழ் நடத்துகிறவர், அந்த நூலை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. 

ஏன்? அவர் கற்ற இடத்தில் அது பாடமாக இல்லை. அனுபவத்தின் பிரச்சினை இதுதான். நம்ம முன்னாடி வருகிற வேலையில் கெட்டிக்காரன் ஆவோம். முன்னாடி வராத விஷயம் ஒன்று இருப்பதே தெரியாமல் போயிடும். எத்தனையோ வருஷம் ஒரே ஃப்ரேம்வொர்க்கில் ஓட்டினவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

சாமிநாதையர் அந்தக் கேள்வியை அவமானமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ஏடுகளைத் தேடினார். சிந்தாமணி சமண நூல், அதன் சொற்கள் பல புரியவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழு வருஷ உழைப்புக்குப் பிறகு 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1894-இல் புறநானூறு. 1903 வரை கும்பகோணத்தில் வேலை பார்த்து, பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போ அவருக்கு வயது 77.

மூன்றாவது கதை: எஃப்.ஏ. ஃபெயில்

சாமிநாதையர் 1903-இல் கும்பகோணம் காலேஜை விட்டுப் போகிறார். 1904-இல் அதே காலேஜுக்குள் ஸ்காலர்ஷிப்போடு நுழைகிறார் ராமானுஜன். டவுன் ஹைஸ்கூலில் பரிசு வாங்கிய பையன். 

எஃப்.ஏ. என்பது மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷம். கணிதம் மட்டும் போதாது. ஆங்கிலம், வரலாறு என்று எல்லாவற்றிலும் தனித்தனியாகப் பாஸ் ஆகணும். கணிதத்தில் நூறு வாங்கினாலும் மற்றதில் விழுந்தால் மொத்தமாக ஃபெயில். அவர் மற்ற பாடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்காலர்ஷிப் போனது. ஃபீஸ் கட்ட வீட்டில் வசதி இல்லை. 1905-இல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை ஓடிப் போனார். 1906-இல் சென்னை பச்சையப்பன் காலேஜில் மறுபடி முயற்சி. அங்கே உடலியல் ஒரு பாடம், அதில் எழுந்திருக்கவே முடியவில்லை. மறுபடி ஃபெயில். 1907-இல் தனித்தேர்வராக எழுதினார், அதிலும் ஃபெயில்.

அதனால் முதல் திருத்தம்: அவர் டிகிரி வேண்டாம்னு விட்டுட்டு வந்தவர் இல்லை. மூணு தடவை முட்டிப் பார்த்தவர்.

அடுத்த சில வருஷங்களை மெதுவாப் பாருங்க. வேலை இல்லை. டியூஷன் எடுத்தார், அதுவும் நிற்கவில்லை. 1909-இல் கல்யாணம் ஆகிவிட்டது. 1910 வாக்கில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும், இந்த ஆளைக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைப்பது பாவம் என்று புரிந்தது அவருக்கு. சென்னைக்கு அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினார். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1911-இல் சங்கத்தின் இதழில் முதல் கட்டுரை வந்தது. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை.

யோசிச்சுப் பாருங்க. கட்டுரை வெளியாகிவிட்டது. கையில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் கொண்ட நோட்டுகள். இன்றைய கணக்கில் அவருடைய போர்ட்ஃபோலியோவை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அந்தப் போர்ட்ஃபோலியோவைப் படித்து எடை போடக்கூடியவர்கள் சென்னையில் மிகச் சிலர். அதனால் கேம்பிரிட்ஜுக்கு எழுதினார். முதலில் எழுதிய இரண்டு பேராசிரியர்களிடமிருந்து உதவி இல்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஜி.எச். ஹார்டிக்குப் போனது. அவர் படித்தார்.

அதற்குப் பிறகுதான் இங்கே உள்ள கதவு அசைந்தது. வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், தானே கேம்பிரிட்ஜ் கணிதக்காரர், நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கானது, இவரிடம் எஃப்.ஏ.கூட இல்லை. விதிவிலக்கு கொடுத்து, 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். 1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-இல், 32 வயதில் போய்விட்டார்.

காலேஜ் அவருக்குத் தராதது

ராமானுஜனுக்குக் காலேஜ் தேவையே இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஹார்டியே பதில் வெச்சிருக்கார். ராமானுஜன் இந்தியாவில் இருந்தபோது கண்டுபிடித்ததில் பெரும்பகுதி ஐரோப்பாவில் ஏற்கனவே கண்டுபிடிக்கப்பட்டவை. அவருக்குத் தெரியாது. அவர் கையில் கிடைத்த புத்தகம் கார் என்பவர் எழுதிய ஒரு சூத்திரத் தொகுப்பு, நிரூபணங்கள் மிகக் குறைவு. முறையான நிரூபணம் என்றால் என்ன என்ற பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றிச் சொன்னதில் தவறு இருந்தது. கலப்பெண் சார்புகளைப் பற்றித் தெரிந்திருந்தால் அந்தத் தவறு வந்திருக்காது.

ஒரு கணிதக்காரருக்கு 18-லிருந்து 25 வரை உள்ள வயதுதான் முக்கியம், அந்த வருஷங்களில்தான் ராமானுஜனுக்குச் சேதம் நடந்துவிட்டது என்பது ஹார்டியின் கருத்து. அந்த ஏழு வருஷத்தில் அவருக்கு ஒரு நல்ல லைப்ரரியும், நாலு பேர் கேள்வி கேட்கிற வகுப்பறையும் கிடைத்திருந்தால்? 

இங்கே குற்றவாளி அந்தத் தேர்வு முறை. உடலியலில் மார்க் இல்லை என்று ஒரு கணித மேதையை வெளியே தள்ளிய முறை. ஆனால் அவர் இழந்தது சான்றிதழ் மட்டும் இல்லை. அந்தச் சான்றிதழோடு கூடவே வருகிற லைப்ரரி, சக மாணவர்கள், "இது ஏற்கனவே செய்தாச்சு தம்பி"ன்னு சொல்ல ஒரு ஆள், எல்லாத்தையும் இழந்தார்.

கோயம்புத்தூர்க்காரர் என்ன சொல்வார்?

இப்போ நம்ம கேட்பவர் கையில் இன்னொரு சீட்டு இருக்கும்: ஜி.டி. நாயுடு. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை ஆரம்பத்திலேயே விட்டவர். ஒரு ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூர் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, பார்ட் பார்ட்டாகக் கழற்றி மாட்டியவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ். பிறகு சொந்த பஸ் நிறுவனம், நூற்றுக்கணக்கான பஸ்கள். மோட்டார், ரேசர், ரேடியோ என்று கண்டுபிடிப்புகள்.

நாயுடுவுக்கு யாரும் ஏன் டிகிரி கேட்கவில்லை? பஸ் நேரத்துக்கு வருதா இல்லையான்னு பழனிக்குப் போற பயணிக்கே தெரியும். வேலையின் தரத்தைப் பார்க்கிற ஆள் வாசலிலேயே நிற்கிறார். ராமானுஜனின் வேலையைப் பார்க்கத் தெரிந்த ஆள் ஏழு கடல் தாண்டி இருந்தார். ஒரே நாட்டில், ஆறு வருஷ வயசு வித்தியாசத்தில் பிறந்த இரண்டு பேருக்கு டிகிரி இல்லாமையின் விலை இவ்வளவு வேறுபட்டதற்கு எனக்குத் தெரிந்த முக்கியக் காரணம் இதுதான்.

நாயுடு கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1945 வாக்கில் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் வந்தன. இன்றைய ஜி.சி.டி. அதன் தொடர்ச்சிதான். பள்ளியைத் தாண்டாதவர் காலேஜுக்கு பிரின்சிபல். அவர் சொன்னது: நாலு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும். சில வாரங்களில் முடிகிற சின்னச் சின்னப் படிப்புகளையும் கொண்டுவந்தார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டார்.

கவனிச்சீங்களா? அவர் காலேஜை மூடச் சொல்லவில்லை. சொந்தப் பணம் போட்டுக் கட்டினார். சண்டை எல்லாம் உள்ளே என்ன நடக்கணும், எத்தனை வருஷம் நடக்கணும் என்பதில்தான்.

சாட்சி யார்?

இந்தக் கதைகளை வரிசையா வெச்சப்போ எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. டிகிரி இல்லாமல் மேலே வந்த ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு ஆள் நிற்கிறார். சாமிநாதையருக்குத் தியாகராச செட்டியார். ராமானுஜனுக்கு ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ், ஹார்டி. நாயுடு பஸ் வாங்குவதற்கு உதவினது கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். வேலை தானாகப் பேசவில்லை. யாரோ ஒருவர் அதற்குச் சாட்சி சொன்னார்.

அந்தச் சாட்சி எல்லாருக்கும் கிடைச்சதா? கிடைக்கலை. 1910-இல் ஒரு டெபுடி கலெக்டர் வீட்டுத் திண்ணை வரை நோட்டுப் புத்தகத்தோடு போக யாரால் முடிந்தது? ஏழையாக இருந்தும் ராமானுஜனால் முடிந்ததற்கு அவருடைய சாதி வட்டத்துக்கும் பங்கு உண்டு. அந்தத் திண்ணையில் ஏற முடியாத எத்தனை பேருடைய நோட்டுகள் எரிந்து போச்சோ, கணக்கே இல்லை. 

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவங்களுக்கு, பேரையும் ஊரையும் பார்க்காமல் ஒரு ரெஜிஸ்டர் நம்பரை மட்டும் பார்த்துத் திருத்துகிற பேப்பர்தான் முதல் சாட்சி. நம்மில் பல பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ, இல்லை நாமேவோதான் முதல் பட்டதாரி. "டிகிரி எல்லாம் வேஸ்ட்"னு மேடையில் பேசறவங்க பின்னாடி ஒரு மாமாவோ ஒரு சொத்தோ இருக்கான்னு பார்த்துட்டுக் கை தட்டுங்க.

அதே நேரம் அந்தப் பேப்பரைக் கையில் வெச்சுக்கிட்டு அநியாயம் பண்றதும் நடக்குது. நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில் டிப்ளமோ முடிச்ச ஒரு அண்ணன் இருந்தார். ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தா அவருக்குத்தான் போன் போகும். லீட் பதவிக்கு லிஸ்ட் வரும்போது "பி.இ. கட்டாயம்"னு ஒரு வரி, அவர் பேர் இருக்காது. அவர் பழக்கிவிட்ட பையன்கள் லீட் ஆனாங்க, அதில் நானும் ஒருத்தன். 11 வருஷ வேலை கண் முன்னாடி இருக்கும்போது, 20 வயசில் எழுதின தேர்வை எதுக்குத் தேடணும்? உடலியல் மார்க் கேட்ட அதே மூளைதான் இது.

இன்னொரு நாட்டில் இதுக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் ரேட்டே வெச்சிருக்காங்க. அமெரிக்காவின் எச்-1பி விசா விதியில், அந்தத் துறையில் மூணு வருஷ அனுபவம் ஒரு வருஷக் காலேஜ் படிப்புக்குச் சமம்னு எடுத்துக்கலாம். நாலு வருஷ டிகிரிக்கு ஈடா 12 வருஷ வேலை. நாலுக்கு நாலுன்னு நம்ம கேட்பவர் போட்ட கணக்கு, பேப்பர் கேட்கிற இடத்தில் செல்லாது என்பதற்காகச் சொல்றேன்.

அப்போ என்ன பண்ணலாம்?

தம்பி, உனக்கு நேராவே சொல்றேன். மூணு கேள்வி கேட்டுப் பார்.

முதலாவது, உன் வேலையைப் பார்த்து எடை போடக்கூடியவங்க எங்கே இருக்காங்க? நீ செய்யறது யூசர் கையில் நேராப் போய்ச் சேர்ற பொருளா இருந்தா, நீ நாயுடு பக்கம். நாளைக்கு வேற ஊர், வேற நாடு, பெரிய நிறுவனம், அரசு வேலை, மேற்படிப்புன்னு எண்ணம் இருந்தா நீ ராமானுஜன் பக்கம். உன்னைத் தெரியாதவங்க முதலில் பேப்பரைத்தான் கேட்பாங்க.

இரண்டாவது, அந்த ஸ்டார்ட்-அப்பில் உனக்குத் தியாகராச செட்டியார் யார்? அந்தக் கம்பெனி அடுத்த வருஷம் மூடிட்டாலும் உனக்காகப் பேசக்கூடிய, துறையில் பேர் உள்ள ஒருத்தர் இருக்காங்களா? இல்லைன்னா நீ அனுபவத்தைச் சேர்க்கிறே, சாட்சியைச் சேர்க்கலை.

மூணாவது, உன்னோட சிந்தாமணி எது? வேலையில் உன் முன்னாடி வராத, ஆனா துறைக்கு அடிப்படையான விஷயம் எதுன்னு யார் உன்கிட்ட கேட்கப் போறாங்க? காலேஜ் அதைக் கேட்கலைன்னா காலேஜ் தோத்துடுச்சு. வேலையும் கேட்கலைன்னா நீயே ஒரு முன்சீப்பைத் தேடிக்கணும்.

என் கருத்து, மூணு அரியர்தான் பாக்கின்னா எழுதி முடி. ஸ்டார்ட்-அப்கிட்ட ஒரு வருஷம் பகுதிநேரமா வரேன்னு கேளு. உன்மேல அவ்வளவு நம்பிக்கை இருக்கிறவங்க அதுக்குச் சம்மதிப்பாங்க. சம்மதிக்கலைன்னா அதுவும் உனக்கு ஒரு தகவல்தான். ராமானுஜன் மூணு தடவை கேட்டும் கிடைக்காத அந்தத் துண்டுச் சீட்டு, உனக்கு மூணு பேப்பர் தூரத்தில் இருக்கு.

ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற நம்ம கேட்பவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ரெஸ்யூமே லிஸ்டில் ஃபில்டர் போடும்போது, அந்த ஒரு வரி உண்மையிலேயே அந்த வேலைக்குத் தேவையான்னு ஒரு தடவை கேளுங்க. கும்பகோணம் காலேஜ் 1880-இல் கேட்டுச்சு, நமக்குப் புறநானூறு அச்சில் கிடைச்சுது. 

உங்க ஆபீஸில் டிகிரி இல்லாததால் நின்னு போன ஒருத்தர் கதை, இல்லை டிகிரியால் வீடே மாறின கதை இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.